மேல் பல்லில் சிவப்பு நூல்

சனிக்கிழமை காலை ஷிப்டில், பம்ப் ரூம் வாசலில் நின்று டீயை வாயில் வைத்ததும் என் வலது கன்னத்துக்குள் யாரோ வெல்டிங் வைத்தார்கள். டீயைத் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. பக்கத்தில் இருந்தவர் எங்கள் மெயின்டனன்ஸில் எலெக்ட்ரிக்கல் பார்க்கிற கூட்டாளி. ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திரா பக்கத்திலிருந்து தினம் பைக்கில் வருகிறவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னா நைனா, ஊட்ல எதுனா துக்க சேதியா?"

பல் என்று கையால் காட்டினேன்.

"பல்லுக்கா இப்டி அழுவுற? பஞ்சுல ரெண்டு சொட்டு பிராந்தி நனைச்சு வெச்சிக்கோ. கம்முனு பூடும்."

நான் உடனே அவரைச் சந்தேகப்பட்டேன். எங்கள் கம்பெனி கேட்டில் உள்ளே வரும்போது ஒரு கருவியை நீட்டி ஊதச் சொல்வார்கள். பஞ்சில் நனைத்த பிராந்திக்கும் பாட்டிலில் குடித்த பிராந்திக்கும் அந்தக் கருவிக்கு வித்தியாசம் தெரியாது. ஷிப்ட் இன்சார்ஜ் வேலை அவருக்கா எனக்கா என்று அந்த மாதம்தான் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. இருபது வருடம் ஒன்றாக நாஷ்டா தின்ற மனிதர். பல்வலி வந்தவனுக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்காது.

நான் பிட்டர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பம்ப்பும் கம்ப்ரசரும் பார்த்தே தலை நரைத்தவன். எங்கள் வேலையில் சந்தேகம்தான் முக்கியமான டூல். மிஷினில் சத்தம் வந்தால் சந்தேகப்பட வேண்டும். வந்துகொண்டிருந்த சத்தம் நின்றுவிட்டால் இன்னும் அதிகமாகச் சந்தேகப்பட வேண்டும். ஸ்க்ரூடிரைவர் முனையைப் பேரிங் மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்போம். உள்ளே உரசுகிறதா, கிரீஸ் காய்ந்துவிட்டதா என்று தெரிந்துவிடும். இந்தப் பழக்கம் மெல்ல வீட்டுக்கும் வந்துவிட்டது. ஃபிரிட்ஜ் மேல் காது வைப்பேன். குக்கர் விசில் ஒரு மாதிரி வந்தால் எழுந்துபோய்ப் பார்ப்பேன். "என்னை ஒருத்தியதான் இன்னும் ஸ்க்ரூடிரைவர் வெச்சுப் பாக்கல" என்பாள் என் வீட்டுக்காரி. அதுவும் முழு உண்மை என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை அவள் கொடுத்த கிராம்பை நான் மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தேன்.

கும்மிடிப்பூண்டியில் எனக்குத் தெரிந்த ஒரே பல் டாக்டர் மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தார். கதவில் பேப்பர் ஒட்டியிருந்தது. அடுத்தது பொன்னேரி. போன் செய்தால் ஒரு பெண் எடுத்தாள். டாக்டர் மெட்ராஸிலிருந்து ட்ரெயினில் வருகிறவர், ஞாயிறு லீவு, திங்கள் சாயந்தரம் வாருங்கள் என்றாள். ட்ரெயினில் வருகிற டாக்டர். ஏன், கார் வாங்குகிற அளவுக்குக் கூட்டம் வரவில்லையா? கூட்டம் ஏன் வரவில்லை? இப்படி ஓடியது புத்தி.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கவரைப்பேட்டை வீட்டில் நான் செய்த வைத்தியங்களைச் சொன்னால் கௌரவம் போய்விடும், இருந்தாலும் சொல்கிறேன். கிராம்பு. வெந்நீரில் உப்பு. கைக்குட்டையில் ஐஸ் கட்டி. அது உருகித் தீர்ந்ததும் பீரோவின் இரும்புக் கதவில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு நின்றேன். கன்னம் பட்ட இடம் சூடானதும் அரை அடி நகர்ந்து புது இடம் பிடித்தேன். அவள் புடவை எடுக்க வந்து, "தள்ளுயா, பீரோவுக்கு முத்தம் குடுத்துக்கினு" என்றாள். மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த மாத்திரை எந்தத் தேதி வரை செல்லும் என்பதைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருமுறை, கழற்றிவிட்டு ஒருமுறை படித்தேன்.

இதற்கு நடுவில் போனில் தேடினேன். தாடை வலி மாரடைப்பாகவும் இருக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அன்று முழுவதும் இடது கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டேன். எனக்கு வலிப்பது வலது பக்கம் என்பது வெகுநேரம் கழித்துத்தான் உறைத்தது. அதற்குப் பிறகும், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தரம் தூக்கினேன்.

கடைசியில் வேலை செய்தது ஃபிரிட்ஜ் தண்ணீர். ஒரு வாய் வைத்துக்கொண்டால் வலி அடங்கும். தண்ணீர் வெதுவெதுப்பானால் வலி திரும்பி வரும். துப்பிவிட்டு அடுத்த வாய். வாயில் தண்ணீர் இருக்கும்வரை பேச முடியாது. என் வீட்டுக்காரி வாசல் பக்கம் மிஷினைப் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள். அளவு கொடுக்க வந்த பெண்ணிடம், "ரெண்டு நாளா ஊடு அமைதியா கீதுக்கா. ஃபிரிட்ஜுக்கு ஆயுசு கெட்டியா இருக்கணும்" என்றாள். நான் கன்னம் உப்ப முறைத்தேன்.

ஆனால் என் உண்மையான பயம் வலி இல்லை. எந்தப் பல் என்பதுதான்.

வலி வலது பக்கம் முழுக்க இருந்தது. காது, நெற்றிப்பொட்டு, தாடை எல்லாம் அதற்குச் சொந்தமாகிவிட்டது. பேரிங் பார்க்கிற மாதிரி பார்த்துவிடலாம் என்று சின்ன ஸ்பூனை எடுத்து, கண்ணாடி முன்னால் நின்று, ஒவ்வொரு பல்லாகத் தட்டினேன். மேல் வரிசையில் கடைசிக்கு முந்தினது ஒரு மாதிரி அதிர்ந்தது. கீழ் வரிசையை அவ்வளவு கவனமாகத் தட்டவில்லை, காரணம் அதற்குள் கண்ணில் தண்ணீர் வந்து கண்ணாடி தெரியவில்லை. பிட்டர் முடிவு எடுத்துவிட்டான். குற்றவாளி மேல் பல். பிடுங்கிப் போட வேண்டியதுதான்.

சரி, பிடுங்குகிறவர் அதைத்தான் பிடுங்குவார் என்று என்ன நிச்சயம்?

எங்கள் பிளான்ட்டில் ஒரு மிஷினில் கை வைக்கும் முன் அதன் ஸ்விட்சை ஆஃப் செய்து, அவரவர் பூட்டை அவரவர் போட வேண்டும். பூட்டோடு ஒரு சிவப்பு அட்டை தொங்கும். போட்டவன் பெயர் அதில் இருக்கும். போட்டவன்தான் கழற்ற வேண்டும். மேனேஜரே வந்து நின்றாலும் தொடக் கூடாது. காரணம் இருக்கிறது. ஒரே அச்சில் வார்த்த மாதிரி இரண்டு பம்ப் அடுத்தடுத்து நிற்கும். ஒன்று கெட்டது, ஒன்று நல்லது. வெளியிலிருந்து வந்த கான்ட்ராக்ட் ஆட்கள் நல்லதைக் கழற்றிச் சர்வீஸ் செய்துவிட்டு, கெட்டதை அப்படியே விட்டுப் போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பம்ப்புக்காவது நம்பர் பிளேட் இருக்கிறது. பல்லுக்கு என்ன இருக்கிறது? எல்லாம் ஒரே கலர், ஒரே சைஸ். அதிலும் என் பல்லெல்லாம் டீக்கறையில் ஒரே கலருக்கு வந்து நாளாகிவிட்டது.

திங்கட்கிழமை லீவு போட்டேன். மத்தியானம் அவள் தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூல் எடுத்துவரச் சொன்னேன்.

"எதுக்கு?"

"இந்தப் பல்லுல கட்டு."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "வலி தலைக்கு ஏறிடுச்சா?"

"டாக்டரு மாத்திப் புடுங்கிட்டா? அடையாளம் வேணாமா? கட்டுமே, நேரமாவுது."

"நாலு எழுத்துப் படிச்சிட்டு வந்தவங்களுக்கு எந்தப் பல்லுன்னு தெரியாதா?"

"படிச்ச இன்ஜினியருங்க பம்ப்பை மாத்திக் கழட்டுனத நீ பாக்கல. நான் பாத்திருக்கேன்."

ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்தாள். ஒரு கையில் போன் டார்ச், ஒரு கையில் நூல். "வாயத் தொற. இன்னும் தொற. சண்டைக்குத் தொறப்பியே அந்த மாதிரி தொற." பல் இடுக்கில் நூலைச் செலுத்தி, சுற்றி, முடிச்சுப் போட்டு, ஊசிக்குப் பழகிய விரலால் இழுத்தாள். எனக்கு உச்சந்தலை வரை மின்சாரம் போனது. நூலின் மிச்சத்தைக் கத்தரியால் வெட்டும்போது, "அசையாத, நாக்கு போனா ஒட்டு போட முடியாது" என்றாள். சாயம் நாக்கில் கசந்தது. கண்ணாடியில் பார்த்தேன். உள்ளே கடைசியில் சிவப்பாக ஒரு வளையம். அந்த இரண்டு நாளில் முதல்முறையாகக் கொஞ்சம் நிம்மதி வந்தது.

கவரைப்பேட்டையிலிருந்து பொன்னேரி அடுத்த ஸ்டேஷன். ஃபிரிட்ஜ் தண்ணீர் பாட்டிலோடு ஏறினோம். கிளினிக் ஒரு மெடிக்கல் ஷாப்பின் மாடியில் இருந்தது. படியேறியதும் ஒரு சின்ன ஹால், பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் வெள்ளைப் பல் காட்டிச் சிரிக்கிற ஒருத்தியின் படம். அவ்வளவு சிரிக்க அவளுக்கு என்ன கொடுத்தார்கள் என்று யோசித்தேன். போனில் பேசிய பெண் மேஜை அருகே இருந்தாள்.

"டாக்டர் வந்துக்கினு கீறாங்கண்ணா. ட்ரெயின் மீஞ்சூர்ல நிக்குதாம். கூட்ஸ் வண்டிக்கு வழி விட்டிருக்காங்களாம். உக்காருங்க."

உட்கார்ந்தேன். அப்போது உள் அறையில் ஏதோ கடகடவென்று ஓடி நின்றது.

"உள்ள யாரு?"

"யாரும் இல்லண்ணா."

"அப்ப சத்தம்?"

"கம்ப்ரசர்ண்ணா. டாக்டர் வர்றதுக்கு முன்னாடி போட்டு வெப்பேன்."

ஆள் யாரும் காற்றை எடுக்காதபோதே கம்ப்ரசர் அடிக்கடி ஓடி நிற்கிறது என்றால் எங்கோ லீக் இருக்கிறது. பிரஷர் நிற்காத கம்ப்ரசரை வைத்துக்கொண்டு என் பல்லில் துளை போடப் போகிறார்கள். பாதி துளையில் காற்று போனால்? இதை என் வீட்டுக்காரி காதில் சொன்னேன். தண்ணீர் பாட்டிலை என் கையில் திணித்து, "ஒரு வாய் வெச்சிக்கோ" என்றாள்.

எனக்கு முன்னால் ஒரே ஓர் ஆள் வந்திருந்தார். பழவேற்காடு பக்கத்து மீனவக் குப்பத்திலிருந்து பஸ்ஸில் வந்த அம்மா. என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். மடியில் ஒரு ஒயர் கூடை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நண்டுக் காலைப் பல்லால் உடைத்தபோது பல்லும் சேர்ந்து உடைந்துவிட்டதாம்.

"எத்தினி நாளா கடிக்கிறேன், ஒண்ணும் ஆவல தம்பி. இந்த நண்டு இன்னா நண்டோ."

"உங்களுக்கு எந்தப் பல்லுன்னு நல்லா தெரியுமாக்கா?"

"ஒடஞ்சது தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியும். டாக்டருக்குத் தெரியணுமே."

அவர் முந்தானையை வாயிலிருந்து எடுத்தார். நான் ஆரம்பித்துவிட்டேன். மாத்திக் கழற்றிய பம்ப், ட்ரெயினில் வருகிற டாக்டர், லீக் அடிக்கிற கம்ப்ரசர், எல்லாவற்றையும் சொன்னேன். யாரிடமாவது சொன்னால் பயம் பாதியாகும் என்பார்கள். எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு மட்டும் புதிதாக வந்தது. கூடையின் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் பார்த்தார். என் வீட்டுக்காரி என் தொடையில் கிள்ளினாள்.

இன்னொன்றும் நடந்தது. வலி நின்றுவிட்டது. சுத்தமாக. தண்ணீர் வாயில் இல்லை, மாத்திரையும் போடவில்லை, ஆனாலும் வலி இல்லை. ஆடிட்டுக்கு ஆள் வந்தால் ஊரையே அலறவைத்த மிஷின் அன்றைக்கு மட்டும் பூனை மாதிரி ஓடும் இல்லையா, அதேதான். "வலி போயிடுச்சு, வா ஊட்டுக்குப் போலாம்" என்றேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. "நீ போ. நான் ஒன் பல்லக் காட்டிட்டு வரேன்."

டாக்டர் வந்தார். முதுகில் பை, கையில் சாப்பாட்டுக் கூடை, மூச்சு வாங்கியது. சின்னப் பெண். எங்கள் கம்பெனிக்கு டிரெயினிங் வருகிற பிள்ளைகள் வயதுதான் இருக்கும். படிப்பை முடித்துவிட்டாளா, இல்லை பாதி வழியில் ட்ரெயின் ஏறிவிட்டாளா? சுவரில் சர்டிபிகேட் இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது. போட்டோவும் அவளேதான். மன்னிக்கவும், அவரேதான்.

குப்பத்து அம்மாவைக் கூப்பிட்டார்கள். "அந்தத் தம்பி முன்னாடி போவட்டும்" என்றார் அவர். விதைத்தவன் நான், அறுவடை எனக்கே.

நாற்காலியில் சாய்ந்ததும் விளக்கு முகத்தில் விழுந்தது. டாக்டர் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, வாய்க்குள் விடுகிற சின்னக் கண்ணாடியோடு குனிந்தார். கண்ணாடி மேல் வரிசையில் போய் நின்றது.

"சார், இது என்ன, நூலா?"

வாயில் கண்ணாடி இருந்ததால் தலையை ஆட்டினேன்.

"எதுக்கு?"

கண்ணாடியை எடுத்தார். சொன்னேன். பூட்டு, சிவப்பு அட்டை, பம்ப், எல்லாம். மாஸ்க்குக்கு மேலே இருந்த கண்கள் சிரிக்கிற மாதிரி இருந்தன. ஆனால் வாய் தெரியாத ஆளை எப்படி நம்புவது? "அதைத்தான் மேடம் புடுங்கணும். கட்டியிருக்கிறத மட்டும்" என்று அழுத்திச் சொன்னேன்.

"பாத்துடலாம் சார்."

ஒரு கம்பியின் பின்புறத்தால் நூல் கட்டிய பல்லைத் தட்டினார். லேசாக அதிர்ந்தது, அவ்வளவுதான். அடுத்ததைத் தட்டினார். பிறகு கீழே இறங்கி, எப்போதோ அடைத்துவைத்திருந்த ஒரு பல்லைத் தொட்டார். தட்டக்கூட இல்லை, தொட்டார். நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

"எங்க வலிச்சுது?"

மேலே என்று கை காட்டினேன்.

"நான் தொட்டது கீழ் பல் சார்."

"கீழ தொட்டீங்க. வலிச்சது மேல. அப்ப மேல் பல்லுதான் மேடம்."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அவர் எக்ஸ்ரே எடுத்தார். திரையில் காட்டினார். மேல் பல் வெள்ளையாக, வேர் வரை சுத்தமாக இருந்தது. கீழ் பல்லில், பழைய அடைப்புக்கு அடியில், எலி குடைந்த மாதிரி கறுப்பு. வேர் நுனியிலும் கறுப்பாக ஒரு நிழல்.

"இதான் சார் ஆளு. நரம்பு கீழதான் செத்துக்கிட்டு இருக்கு. வலி மேல போய்த் தெரியுது. நிறைய பேருக்கு இப்படி வரும்."

நான் திரையைப் பார்த்தேன். அது என் பல்தான் என்று என்ன அத்தாட்சி? வேறு யாருடைய படமாவது உள்ளே இருந்திருக்கலாம். அடைப்பு நான் எப்போதோ போட்டதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடைப்பு ஊரில் எல்லோர் வாயிலும்தான் இருக்கிறது. கீழ் பல்லைச் சரிசெய்ய நான்கு தடவை வரச் சொல்வார்கள், மேல் பல்லைப் பிடுங்கினால் இன்றோடு முடிந்தது, அதனால்தான் கீழே கை காட்டுகிறார்கள். நினைத்ததை அப்படியே கேட்டுவிட்டேன், கொஞ்சம் மரியாதையாக.

அவருக்குக் கோபம் வரவில்லை. ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சார், நீங்க சொல்ற பல்லை நான் எடுத்துட முடியும். கஷ்டமே இல்லை. ஆனா அது நல்ல பல்லு. அதை எடுத்தப்புறமும் வலி அப்படியே இருக்கும். நாளைக்கு மறுபடி வருவீங்க. அப்ப ரெண்டு போகும். போன பல்லை என்னால திரும்ப வெக்க முடியாது."

அதுதான் என்னை உலுக்கியது. போன பல். பம்ப்பை மாற்றிக் கழற்றினால் திரும்ப மாட்டிவிடலாம்.

"உங்க வேலையில எந்த லைன்ல கோளாறுன்னு தெரியலன்னா என்ன பண்ணுவீங்க?"

"ஒவ்வொரு வால்வா மூடிப் பாப்போம்."

"அதையே பண்ணலாம். கீழ் லைனை மட்டும் மூடறேன். கீழ போற நரம்பு வேற, மேல போற நரம்பு வேற. ஊசி கீழ மட்டும்தான். மேல வலி நின்னா அது மேல் பல்லோட வலி இல்லன்னு அர்த்தம். நிக்கலன்னா நீங்க சொன்னதை எடுத்துடறேன்."

வாதத்தில் ஓட்டை தேடினேன். கிடைக்கவில்லை. அதுவே சந்தேகமாக இருந்தது. சரி என்றேன். "வலி இல்லாதப்ப எப்டி மேடம் டெஸ்ட் பண்றது" என்று கடைசியாக ஒன்று கேட்டேன். ஒரு டம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீர் கொடுத்தார். ஒரே வாய். ஆடிட் முடிந்துவிட்டது என்று மிஷினுக்குத் தெரிந்துபோனது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. வலி முழுக்க மேலே, நூல் கட்டிய இடத்தில், துடித்தது. பார்த்தீர்களா என்று விரலால் குத்திக் காட்டினேன்.

ஊசி கீழ்த் தாடையின் கடைசியில் இறங்கியது. கைப்பிடியை நசுக்கிக்கொண்டு கிடந்தேன். கீழ் உதட்டில் எறும்பு ஊர்ந்தது. பிறகு உதடு தடித்தது. பிறகு உதடே இல்லை. அதோடு மேல் பல்லின் வலியும், டேப்பை மூடினால் தண்ணீர் குறைகிற மாதிரி, மெலிந்து, சொட்டி, நின்றது.

"மேல?"

நாக்கால் மேல் பல்லைத் தொட்டேன். உணர்ச்சி இருந்தது. மரத்துப் போகவில்லை. வலி மட்டும் இல்லை. மேல் பல் முழு விழிப்போடு, ஒன்றும் அறியாத முகத்தோடு, கழுத்தில் கயிற்றோடு உட்கார்ந்திருந்தது. அந்தப் பல்லுக்குத்தான் நான் இரண்டு நாளாகத் தூக்குத் தண்டனை எழுதிக்கொண்டிருந்தேன்.

"நூலை எடுத்துடறேன் சார், எனக்கு எடம் மறைக்குது" என்று இடுக்கியைக் கொண்டுவந்தார். என் கை தானாக எழுந்து தடுத்தது. இருபது வருடப் பழக்கம், நான் என்ன செய்வேன். பாதி உதட்டால், போட்டவர்தான் கழற்ற வேண்டும் என்று சொன்னேன். அவர் இடுக்கியை அப்படியே நிறுத்தினார்.

"யார் போட்டது?"

வாசல் பக்கம் காட்டினேன்.

என் வீட்டுக்காரியை உள்ளே கூப்பிட்டார்கள். பதறிக்கொண்டு வந்தாள். விஷயம் தெரிந்ததும் டாக்டரைப் பார்த்து, "மேடம், இவரோட நான் எப்டி குடும்பம் நடத்துறேன்னு இப்பனாச்சும் உங்களுக்குப் புரிஞ்சுதா" என்றாள். டாக்டர் மாஸ்க்கை இறக்கிவிட்டே சிரித்தார். அந்த முகம் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். என் வீட்டுக்காரிக்கு ஒரு சின்னக் கத்தரி கொடுத்தார்கள். முடிச்சை வெட்டி நூலை உருவிக் குப்பையில் போட்டுவிட்டு, "எந்தப் பல்லு மேடம் கெட்டது?" என்று கேட்டாள். கீழ் பல் என்றார் டாக்டர். என் தலைமாட்டில் கொஞ்ச நேரம் நின்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பிறகு துளை போட்டார். உள்ளே சீழும் காற்றும் அடைந்திருந்ததாம், திறந்ததும் ஒரு நாற்றம் வந்தது, எனக்கே அது என் வாய் என்று நம்ப முடியவில்லை. கம்ப்ரசர் கடகடவென்று ஓடியது, நின்றது. ஒரு தடவையும் காற்று போகவில்லை. தற்காலிகமாக அடைத்து, மருந்து எழுதி, வேர் வரை சுத்தம் செய்ய இன்னும் இரண்டு மூன்று தடவை வர வேண்டும் என்றார். பல் பிழைத்துவிடும் என்றார். இரண்டுமே.

வெளியே வந்தேன். குப்பத்து அம்மா எழுந்து நின்றிருந்தார். கூடை தோளில் இருந்தது. என் முகத்தைப் பார்த்ததும் ஓர் அடி பின்னால் போனார். பக்கத்தில் சுவரில் ஒரு கண்ணாடி இருந்தது, அதில் நானும் பார்த்தேன். வலது உதடு தொங்கி, ஓரத்தில் எச்சில் வழிய, கண் சிவந்து, ஒரு கை கன்னத்தில். என்னை நானே நம்பமாட்டேன்.

"இன்னா தம்பி பண்ணாங்க உன்ன?"

நல்ல டாக்டர், பயப்படாதீங்க என்று சொல்ல நினைத்தேன். வந்தது ஏதோ வேறு பாஷை. அவர் மேஜைப் பெண்ணிடம், "நான் நாளைக்கு வரேன்மா. கடைசி பஸ்ஸு பூடும்" என்றார். பஸ் அப்படி ஒன்றும் போகாது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நாளைக்கு அவர் வரமாட்டார் என்பதும் தெரியும். உடைந்த பல்லில் முந்தானையை அடைத்துக்கொண்டு குப்பத்திலேயே கிடப்பார். அந்தப் பயத்தை நான்தான் அவருக்கு ஊட்டினேன், ஒவ்வொரு வாயாக.

என் வீட்டுக்காரி குறுக்கே வந்தாள். "யக்கா, இவரு பேச்சக் கேட்டு போவாதீங்க. நல்ல பல்லப் புடுங்கச் சொன்னதே இவருதான். அந்தப் பொண்ணுதான் வேணாம்னு காப்பாத்திக் குடுத்துச்சு."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். நல்ல பம்ப்பா கெட்ட பம்ப்பா என்று நான் பார்க்கிற பார்வை.

பேசிப் பயனில்லை. அவர் முன்னால் குனிந்து வாயைத் திறந்தேன். மரத்த உதட்டை விரலால் ஒதுக்கிக் காட்டினேன். அவர் முதலில் தயங்கினார், பிறகு என் தாடையை ஒரு கையால் பிடித்து, மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி வெளிச்சத்துக்குத் திருப்பினார். மேலே பார்த்தார். கீழே பார்த்தார். நேரம் எடுத்துக்கொண்டார். அவர் விரலில் உப்பும் மீனும் மணந்தது.

"எல்லாம் கீது" என்றார், எனக்கு இல்லை, தனக்கு.

கூடையைத் தோளிலிருந்து இறக்கி என் வீட்டுக்காரி மடியில் வைத்தார். "பாத்துக்கோம்மா. உள்ள மருந்துச் சீட்டுலாம் கீது" என்று சொல்லிவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனார். கதவு மூடியது.

"ட்ரெயின் வந்துடும். கூடைய அந்தப் பொண்ணுகிட்ட குடுத்துட்டுப் போலாம், வா" என்றாள் என் வீட்டுக்காரி.

நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். போகட்டும், அடுத்த ட்ரெயின் வரும் என்று கையால் காட்டினேன். அந்த அம்மா வெளியே வரட்டும். உள்ளே கம்ப்ரசர் ஓட ஆரம்பித்தது. நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.